முட்டைக்கோசில் நின்ற குண்டு

ஆயுத அறை வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் பிள்ளைகளுக்கு நான் வந்து நாலு வார்த்தை பேச வேண்டும் என்று கேட்டார்கள். மேடையில் ஏறினால் எனக்குக் கால் நடுங்கும். எழுதித் தருகிறேன் என்று சொல்லித் தப்பினேன். நான் பத்தாம் வகுப்போடு நிறுத்தியவள். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

துப்பாக்கியை எப்படிக் கழற்றுவது, எப்படித் துடைப்பது, எந்தப் படிவத்தில் எங்கே கையெழுத்து வைப்பது என்பதெல்லாம் உங்கள் பயிற்சியில் வரும். நான் சொல்லப்போவது, ஒரு மனிதரிடம் "காட்டுங்கோ" என்று கேட்க நான் வெட்கப்பட்டதால் ஒரு முட்டைக்கோஸ் சுடப்பட்ட கதை.

தொண்ணூறுகளின் கடைசி. ஆஸ்திரேலியாவில் துப்பாக்கிச் சட்டங்கள் இறுகியிருந்த நேரம். சிட்னியில், கிரவீனிலிருந்து காரில் பத்து நிமிடத்தில் ஒரு பாதுகாப்பு நிறுவனம் இருந்தது. ஆயுதம் தாங்கிய காவலர்களைக் கடைகளுக்கும் வாகனங்களுக்கும் அனுப்புவார்கள். காலையில் கம்பி ஜன்னல் வழியாகத் துப்பாக்கிகளைக் கொடுப்பதும், மாலையில் திருப்பி வாங்கிப் பூட்டுவதும் என் வேலை. அந்த வேலைக்கு எனக்கும் சுடத் தெரிந்திருக்க வேண்டும் என்று பரீட்சை வைத்தார்கள். ஒரு கண்ணை மூடச் சொன்னார்கள். பயத்தில் இரண்டையும் மூடிவிட்டேன். அப்படியும் பாஸ்.

அப்போது நிறுவனம் பழைய ரிவோல்வர்களைக் கொஞ்சம் கொஞ்சமாக விலக்கி, புதிதாகக் கறுப்பு நிறப் பிஸ்டல்களை வாங்கிக்கொண்டிருந்தது. பாதிப் பேரிடம் பழையது, பாதிப் பேரிடம் புதியது. அவற்றைச் செய்த நிறுவனங்களின் பெயர்களை நான் சொல்லமாட்டேன். ஓய்வு பெற்ற பிறகும் எனக்கு நண்பர்கள் வேண்டும். எங்கள் ஆட்கள் ரிவோல்வரைப் "பழசு" என்றும், பிஸ்டலைக் "கறுப்பி" என்றும் சொல்வார்கள்.

தேநீர் அறையில் இரண்டு கட்சி உருவாகிவிட்டது. பழசுக் கட்சி ஜன்னலோர மேசை. கறுப்பிக் கட்சி ஃபிரிட்ஜோர மேசை. பழசு வைத்திருந்த ஒருவருக்குக் கறுப்பி கிடைத்தபோது, அவர் தேநீர்க் கோப்பையைத் தூக்கிக்கொண்டு மேசை மாறினார். பழைய மேசைக்காரர் இரண்டு நாள் அவரோடு பேசவில்லை.

பழசுக் கட்சித் தலைவர் செல்வம். மலேசியாவில் ஈப்போக்காரர். படிக்க வந்து, படிப்பை விட்டு, காவலரானவர். கறுப்பிக் கட்சித் தலைவர் மாஸ்டர். யாழ்ப்பாணத்தில் இருபத்தைந்து வருடம் கணக்குப் படிப்பித்தவர். இங்கே அந்தச் சான்றிதழை ஒருவரும் கணக்கில் எடுக்கவில்லை. ஸ்ட்ராத்ஃபீல்டில் ஒற்றை அறையில் இருந்துகொண்டு, சீருடை போட்டு வேலைக்கு வந்தார். மனைவி கொழும்பில். அவரை இங்கே கூப்பிட விண்ணப்பம் போட்டிருந்தார். கடைசியாக ஒரு கடிதம்தான் பாக்கி: இவர் எங்களிடம் தொடர்ந்து வேலை செய்கிறார் என்று நிறுவனம் தரவேண்டிய கடிதம்.

"ரிவோல்வருன்னா சட்டி மாதிரி லா," என்பார் செல்வம், அவர் ஊர் 'லா'வோடு. "தொறந்தா உள்ள என்னா இருக்குன்னு தெரியும். உங்க கறுப்பி பிரஷர் குக்கரு. எப்ப விசில் அடிக்கும்னு யாருக்குத் தெரியும்?"

"குக்கர் வெடிச்சால் குக்கரிலயோ பிழை?" என்பார் மாஸ்டர். "ரப்பரைப் போடாமல் மூடினவனில பிழை. கறுப்பி தானா வெடிக்கமாட்டாள். கனடாவில என்ர மச்சான் ஒருத்தன் இதைப் பற்றி விவரமாச் சொன்னவன்."

"மச்சான் அங்க என்ன வேலை மாஸ்டர்?" என்று நான் ஒருநாள் மெல்லக் கேட்டேன்.

"பேக்கரி," என்றார். அதற்குமேல் நான் கேட்கவில்லை.

இனி என் பிழைகளுக்கு வருகிறேன். இரண்டு பிழை.

முதலாவது, கறிவேப்பிலை. அந்தக் காலத்தில் சிட்னியில் ஒரு கறிவேப்பிலைக் கன்று கிடைப்பது பெரிய விஷயம். ஹெலன்ஸ்பர்க் கோயிலில் சந்தித்த ஒரு அன்ரி எனக்கு விரலளவு கன்று ஒன்று தந்தார். என் வீட்டில் வெயில் இல்லை. ஆயுத அறையில் நல்ல வெயில் விழுகிற இடம் ஒன்றுதான்: மணல் பீப்பாயின் மேல்.

மணல் பீப்பாய் எதற்கென்று உங்களுக்குத் தெரியும். துப்பாக்கியை வெறுமையாக்கிய பிறகு, அதன் வாயைப் பீப்பாய்க்குள் நீட்டி, விசையை ஒருமுறை அழுத்திப் பார்த்துவிட்டுத்தான் உள்ளே தரவேண்டும். தப்பித்தவறி உள்ளே ரவை, அதாவது தோட்டா, இருந்தால் மணலுக்குள் போய்விடும். ஆனால் அதுவரை ஒருதடவையும் ஒரு ரவையும் போனதில்லை. ஆகவே அது எனக்குக் காலப்போக்கில் பீப்பாயாகவே தெரியவில்லை. பூச்சாடி வைக்கும் மேடையாகத் தெரிந்தது. வைத்தேன். கன்று தளதளவென்று வந்தது. காவலர்கள் எல்லோரும் வாசம் பிடித்துவிட்டு, கன்றுக்கு நோகக்கூடாதே என்று பக்கத்துச் சுவரைப் பார்த்து விசையை அழுத்தப் பழகிவிட்டார்கள். ஒருவரும் முறையிடவில்லை. இரண்டொருவர் இலை கேட்டார்கள்.

இரண்டாவது பிழை பெரியது. விசையை அழுத்துவதற்கு முன் காவலர் துப்பாக்கியைத் திறந்து பிடிக்க, நான் "காட்டுங்கள்" என்று சொல்லி, உள்ளே வெறுமைதானா என்று பார்க்க வேண்டும். எல்லோரிடமும் சின்னக் குரலில் என்றாலும் கேட்டுவிடுவேன். மாஸ்டரிடம் மட்டும் கேட்டதே இல்லை. அவர் எனக்குப் படிப்பித்தவர் இல்லை. ஆனாலும் கணக்கு மாஸ்டர் என்றால் கணக்கு மாஸ்டர்தான். நான் கணக்கில் ஒருநாளும் பாஸாகாதவள். நான் போய் ஒரு கணக்கு மாஸ்டரிடம், நீங்கள் செய்தது சரியா, காட்டுங்கள் என்பதா? கேட்காதது மட்டுமில்லை, அவர் கையைப் பார்ப்பதுகூட அவரைச் சந்தேகிப்பதுபோல இருக்கும் என்று, அவர் வரும் நேரம் முகத்தைத் திருப்பிக் கன்றைப் பார்த்துக்கொண்டு நிற்பேன். அவரும் அதை மரியாதை என்றே எடுத்துக்கொண்டார்.

அன்று புதன்கிழமை, மாலை நாலரை. மாஸ்டர் வந்தார். நான் கன்றைப் பார்த்தேன். அவர் கறுப்பியைக் கையாளும் சத்தம் கேட்டது. பிறகு என் வாழ்க்கையில் கேட்ட மிகப் பெரிய சத்தம்.

கண்ணைத் திறந்தபோது கன்று அப்படியே நின்றது. ஓர் இலை உதிரவில்லை. மாஸ்டர் சுவரைப் பார்த்தபடி நின்றார். சுவரில் சின்ன ஓட்டை. ஓட்டைக்கு அந்தப் பக்கம் தேநீர் அறை.

"ஆர் அங்க?" என்று மாஸ்டர் கத்தினார். "ஆரும் அங்க நிண்டதோ?"

ஓடினோம். தேநீர் அறையில் ஒருவரும் இல்லை. குண்டு சுவரைத் தாண்டி, எதிரே இருந்த ஃபிரிட்ஜின் கதவைத் துளைத்து, செல்வத்தின் ஐஸ்கிரீம் டப்பாவுக்குள் இருந்த ஆட்டிறைச்சிக் கறி வழியாகப் போய், நான் இரவுச் சமையலுக்கு வாங்கி வைத்திருந்த முழு முட்டைக்கோசுக்குள் நின்றுவிட்டது.

செல்வம் கழிவறையிலிருந்து கையைத் துடைத்தபடி வந்தார். "என்னா லா சத்தம்?" என்றார். ஃபிரிட்ஜைத் திறந்தார். கறி ஒழுகிக்கொண்டிருந்தது. "என் சாப்பாட்டையா சுட்டீங்க மாஸ்டர்?" என்றவர், கதவில் இருந்த ஓட்டையைப் பார்த்தார். அதன் உயரத்தைத் தன் நெஞ்சோடு அளந்து பார்த்தார். "இப்பத்தான் இங்க நின்னேன்," என்றார். கதிரையில் உட்கார்ந்துவிட்டார்.

பொலிஸ் வந்தது. முட்டைக்கோசைப் பிளாஸ்டிக் பையில் போட்டு, சீட்டு ஒட்டி எடுத்துப் போனார்கள். அது எப்போது திரும்பக் கிடைக்கும் என்று கேட்க நினைத்தேன். கேட்கவில்லை.

மாஸ்டர் சொன்ன விவரம் இது: "நான் முறைப்படி முதல் ரவைக்கூட்டைக் கழட்டினனான். பிறகு மேல் இரும்பைப் பின்னால இழுத்து, உள்ள கிடந்த ரவையையும் வெளியில எடுத்தனான். வெறுமையாத்தான் இருந்திருக்கவேணும்." அப்படியென்றால், பிஸ்டல்தான் ஒரு ரவையை வெளியே துப்பாமல் விழுங்கி வைத்திருக்கிறது. பிழை கறுப்பியில்.

அங்கேதான் கூத்துத் தொடங்கியது. அதுவரை மாஸ்டரின் எதிரிகளாக இருந்த பழசுக் கட்சி முழுவதும் ஒரே நிமிடத்தில் மாஸ்டர் பக்கம் வந்துவிட்டது. "மாஸ்டர் மேல தப்பே இல்ல லா," என்று செல்வமே சொன்னார். "என் கறி போச்சு, பரவால்ல. அந்தப் பிஸ்டலத்தான் தூக்கி எறியணும். நான் அப்பவே சொன்னேன்ல?" கறுப்பிக் கட்சியோ, தங்கள் தலைவரையே கைவிட்டுவிட்டது. கறுப்பிக்குக் கெட்ட பெயர் வரக்கூடாது. ஆகவே பிழை மாஸ்டரில்தான் என்று அவர்கள் குசுகுசுத்தார்கள். மாஸ்டரின் தேநீர்க் கோப்பையை எந்த மேசையில் வைப்பதென்று தெரியாமல், அவர் அதைக் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார்.

"அவள் அப்பிடிச் செய்யக்கூடியவள் இல்லைப் பிள்ளை," என்றார் என்னிடம், ஏதோ பக்கத்து வீட்டுப் பெண்ணைப் பற்றிப் பேசுவதுபோல. "ஆனால் நானும் செய்யேல்லை. அப்ப ஆர் செய்தது?"

அந்த ஞாயிற்றுக்கிழமை ஹெலன்ஸ்பர்க்குக்குப் போய் அர்ச்சனை செய்துவிட்டு வந்தார். ஐயர் பெயர், நட்சத்திரம் கேட்டாராம். தன்னுடையதைச் சொல்லிவிட்டு, கறுப்பிக்கும் சேர்த்துச் செய்யச் சொல்லலாமா என்று ஒரு கணம் யோசித்ததாகச் சொன்னார். அதன் நட்சத்திரம் தெரியாததால் விட்டுவிட்டாராம்.

மனேஜர் என்னைக் கூப்பிட்டார். பருத்த, நல்ல மனிதர், ஆஸ்திரேலியர். "அறையில் இருந்தது நீ ஒருத்திதான்," என்றார் ஆங்கிலத்தில். "பிஸ்டலில் கோளாறு என்றால் எல்லாவற்றையும் திருப்பி அனுப்பிவிடலாம். அவரில் பிழை என்றால் அவருடைய லைசென்ஸ் போகும், வேலை போகும். நீ என்ன பார்த்தாய்?"

"செடியைப் பார்த்தேன்," என்றேன். அது உண்மை. அவர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார்.

ஆனால் பிள்ளைகளே, நான் கேட்டேன். அந்த அறையில் ஒவ்வொரு நாளும் காலையும் மாலையும் அந்தச் சத்தங்களுக்குள்ளேயே இருந்தவள். பிடிக்குள் ரவைகள் அடுக்கியிருக்கும் ரவைக்கூடு கழலும் சத்தம் "டக்". மேல் இரும்பை இழுத்து விடும் சத்தம் "சரக்". சரியாகச் செய்தால் "டக், சரக்". புதன்கிழமை நான் கேட்டது "சரக், டக்". முதலில் இரும்பை இழுத்தால் உள்ளே கிடந்த ரவை வெளியே விழும். ஆனால் கூடு இன்னும் மாட்டியபடி இருப்பதால் அடுத்த ரவை அந்த இடத்துக்கு ஏறிவிடும். அதன் பிறகு கூட்டைக் கழற்றி என்ன பயன்?

இதை ஆறு நாள் வயிற்றுக்குள் வைத்திருந்தேன். சொன்னால் மாஸ்டரின் வேலை போகும், கடிதம் போகும், கொழும்பில் இருக்கிற அவர் மனைவி அங்கேயே இருப்பார். சொல்லாவிட்டால் கறுப்பிக்குக் கெட்ட பெயர். அது இரும்பு, அதற்கு நோகாது. சொல்லாமல் விடுவதுதான் நல்லது என்று முடிவு செய்துவிட்டேன். ஆனால் தேநீர் அறைக்குப் போகும்போதெல்லாம், செல்வம் ஃபிரிட்ஜை ஒரு பக்கமாக ஒதுங்கி நின்று திறப்பதைப் பார்த்தேன். கையை மட்டும் நீட்டி, பாலை எடுத்து, உடனே மூடுவார். அவ்வளவு வாயாடுகிற மனிதர் அந்த இடத்தில் மட்டும் பேசமாட்டார்.

அடுத்த செவ்வாய்க்கிழமை பிஸ்டலை இறக்குமதி செய்த கம்பனியிலிருந்து ஒரு பரிசோதகர் வந்தார். கழற்றினார், பூட்டினார், மறுபடி கழற்றினார். ஒரு கோளாறும் இல்லை என்றார். ஆட்களைத் தேநீர் அறையில் கூட்டினார்கள்.

"இது தானாக ஒரு ரவையை விழுங்காது," என்றார் பரிசோதகர். "கை வரிசை மாறியிருக்கிறது."

மாஸ்டர் எழுந்தார். முகம் சிவந்திருந்தது. "சேர், நான் கணக்கு வாத்தியார்," என்றார் ஆங்கிலத்தில். "முதலில் பெருக்கல், பிறகு கூட்டல் என்று ஒரு தலைமுறைக்கே சொல்லிக் கொடுத்தவன். வரிசை மாற்றுகிற ஆள் நான் இல்லை."

அந்த அறையில் இருபது பேர். "மாஸ்டர்," என்றேன். யாருக்கும் கேட்கவில்லை. இன்னொருதரம் சொன்னேன். எல்லோரும் திரும்பினார்கள்.

"மாஸ்டர், முதல் சரக். பிறகுதான் டக்."

"என்ன பிள்ளை சொல்லுறீர்?"

"எனக்குக் கேட்டது. நீங்கள் முதல் இழுத்தனீங்கள். பிறகுதான் கழட்டினீங்கள்."

மாஸ்டர் என்னைப் பார்த்த பார்வையை இப்போது நினைத்தாலும் எனக்கு உட்கார வேண்டும்போல இருக்கும். கோபம் இல்லை. ஒரு மாணவி எழும்பி, கரும்பலகையில் பிழை என்று சொன்னதைப்போலத் திகைப்பு.

செல்வம் சிரித்தார். "காதால கேட்டே சொல்லுவீங்களா அக்கா? அப்ப திரும்பி நில்லுங்க. நாங்க ஒவ்வொருத்தரா செய்யறோம். யாரு சரி, யாரு தப்புன்னு சொல்லுங்க பாப்போம்."

அவர் பகிடிக்குத்தான் சொன்னார். பரிசோதகருக்கு அது பிடித்துவிட்டது. வெடிமருந்து இல்லாத போலி ரவைகளை எடுத்துவந்து, உண்மையான ரவை ஒன்றும் அறைக்குள் இல்லை என்று தானே பார்த்து உறுதி செய்தார். என்னைச் சுவரைப் பார்க்க நிறுத்தினார்கள்.

ஒன்று சொல்லட்டுமா? என் வாழ்க்கையில் அவ்வளவு தைரியமாக நான் ஒருநாளும் இருந்ததில்லை. ஒருவர் முகமும் தெரியவில்லை. முன்னால் சுவரும், குண்டு போன ஓட்டையும் மட்டும்.

டக், சரக். "சரி," என்றேன்.

டக், சரக். "சரி."

சரக், டக். "பிழை." பின்னால் ஒரு முனகல்.

"சரி. சரி. பிழை."

இப்படிப் பதினான்கு பேர். ஓர் இடத்தில் நான் "பிழை" என்றதும் அறை முழுவதும் சிரித்தது. யாரென்று பிறகுதான் சொன்னார்கள். மனேஜர். ரிவோல்வர்க் காலத்து ஆள்; எதையும் முதலில் திறந்து பார்க்கிற கை.

கடைசியாக ஒருவர் வந்தார். நிதானமாக, அவசரமே இல்லாமல்.

சரக். டக்.

"பிழை," என்றேன்.

ஒருவரும் சிரிக்கவில்லை. ஒரு செருமல் கேட்டது.

"அது நான், பிள்ளை," என்றார் மாஸ்டர். "நான் சரியாத்தான் செய்யிறன் எண்டு நினைச்சுக்கொண்டு செய்தனான்," என்றார். "அண்டைக்கும் இப்பிடித்தான்."

நான் திரும்பினேன். அதற்குமேல் மறைக்க ஒன்றுமில்லை. நான் ஒருநாளும் அவரிடம் காட்டுங்கோ என்று கேட்டதில்லை என்றும், பீப்பாயின் மேல் இருந்தது என் செடி என்றும், கேட்டிருந்தால் அன்றே பிடிபட்டிருக்கும் என்றும் ஆங்கிலமும் தமிழும் கலந்து சொல்லி முடித்தேன். பாதியில் அழுதேனா என்று கேட்காதீர்கள்.

பதினான்கு பேரில் நாலு பேர் பிழை. அதில் ஒருவர் மனேஜர். அந்தக் கணக்கில் மாஸ்டரை மட்டும் எப்படி வேலையால் நிறுத்துவது? பரிசோதகர் சிரிப்பை அடக்கிக்கொண்டு எழுதிய அறிக்கையைப் பொலிஸுக்கு அனுப்பினார்கள். மாஸ்டருக்கு எச்சரிக்கை, மறுபயிற்சி, ஒரு மாதம் துப்பாக்கி இல்லாத வேலை. எனக்கும் ஓர் எச்சரிக்கைக் கடிதம். கன்று வீட்டுக்குப் போனது. மனேஜரும் மறுபயிற்சிக்கு மாஸ்டருக்குப் பக்கத்துக் கதிரையில் உட்கார்ந்தார். மனைவியின் விண்ணப்பத்துக்கு வேண்டியிருந்த கடிதத்தில் அந்த வகுப்பிலேயே கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

அந்த மாதம் முழுவதும் மாஸ்டர் என்னோடு பேசவில்லை. வாசலில் கண்டால் தலையை மட்டும் ஆட்டுவார். நான் சரியானதைத்தான் செய்தேன் என்று எல்லோரும் சொன்னார்கள். அப்படிச் சொல்வதால் வயிற்றில் இருப்பது கரைந்துவிடாது. இந்த வேலையில் அது உங்களுக்கும் ஒருநாள் நடக்கும். நடக்கும்போது பெரிதாக யோசிக்காமல், யார் அந்த ஃபிரிட்ஜுக்கு முன்னால் நிற்கக்கூடும் என்று மட்டும் யோசியுங்கள்.

மாதம் முடிந்து, மாஸ்டர் கறுப்பியை முதல்தடவை திருப்பித் தர வந்த மாலை. வரிசையில் அவருக்குப் பின்னால் ஏழு பேர். கூட்டைக் கழற்றி என் முன்னால் வைத்தார். இரும்பை இழுத்துத் திறந்து பிடித்தார். அப்படியே நின்றார். என் முகம் பழக்கத்தில் மெல்லத் திரும்பியது.

"எங்க பாக்கிறீர்?" என்றார். "இஞ்ச பாரும்."

பார்த்தேன்.

"கேளும்."

பின்னாலிருந்து செல்வம், "கேட்டுத் தொலைங்க அக்கா, வீட்டுக்குப் போவணும் லா," என்றார்.

"நீர் கேக்கும்வரைக்கும் நான் அசையமாட்டன்," என்றார் மாஸ்டர். "மனுசிக்கு விசா வந்திட்டுது. வாற வெள்ளிக்கிழமை வந்து இறங்கிறா. அவ வந்து பாக்கேக்க நானும் உயிரோட இருக்கவேணும், உந்த வாயாடியும் உயிரோட இருக்கவேணும். கேளும்."

"காட்டுங்கோ மாஸ்டர்."

"கேக்கேல்லை."

"காட்டுங்கோ மாஸ்டர்!"

வரிசை முழுவதும் கைதட்டியது. அவர் துப்பாக்கியை வெளிச்சத்துக்குத் திருப்பினார். நான் கழுத்தை நீட்டி, கண்ணாடியைச் சரிசெய்து, வேண்டுமென்றே கொஞ்சம் கூடுதலான நேரம் உள்ளே பார்த்தேன்.

"சரி," என்றேன். "அடுத்த ஆள்."